வெள்ளிக்கிழமை ராணி

தீபாவளியன்று வீட்டில் சீட்டுப் போட்டால், என் அம்மாவின் அப்பா மருதப்பன் தமக்கு வந்த சீட்டுகளை உடனே எடுத்துப் பார்க்கமாட்டார். மற்றவர்கள் எடுத்து அடுக்கி முடிக்கும்வரை அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். சிறு வயதிலிருந்தே நான் கண்ட பழக்கம் இது. புள்ளியியல் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வீடு திரும்பிய ஆண்டுதான் காரணம் கேட்டேன்.

"நம்ம சீட்டு எங்க ஓடிப்போவுது? எதிராளிக்கு எதைக் கழிக்க மனசு வரலன்னு மொதல்ல பாக்கணும்," என்றார். அதிலிருந்து, ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்துக் கதை ஒன்று வெளியே வந்தது.

1944. மருதப்பன் காஜா பெராங் வட்டாரத்தில் சைக்கிள் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வயது மகள் சந்திரமதிக்கு மலேரியா. அந்தச் சந்திரமதிதான் என் அம்மா. மருத்துவ உதவியாளரான டிரஸர் வந்து பார்த்துவிட்டு, இருபத்தோரு கொயினா மாத்திரை வேண்டும், இன்னொரு முறை காய்ச்சல் ஏறினால் பிள்ளை தாங்காது என்று சொல்லிப் போய்விட்டார்.

மாத்திரை இருந்த இடம் தெருவுக்கே தெரியும். ராஜரத்தினம் ஒரு தோட்டத்து மருந்துக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. தங்கம் கொடுத்தால்தான் மாத்திரை தருவார். மருதப்பனின் மனைவி பாக்கியலட்சுமியிடம் இருந்த குண்டுமணித் தங்கம் எப்போதோ அரிசியாகிவிட்டிருந்தது.

ஆனால் கிராணிக்குப் போக்கர் பைத்தியம். வெள்ளைக்காரத் துரையிடம் கற்றது. ஆளுக்கு ஐந்து சீட்டு; பிடிக்காததில் மூன்றுவரை கழித்துவிட்டுப் புதிதாக வாங்கலாம்; அதன்பின் பந்தயம். ஜப்பான் நோட்டை யாரும் மதிக்காததால் கிராணி மாத்திரை வைப்பார், மருதப்பன் டியூப் ஒட்டும் ரப்பர் துண்டு வைப்பார். பெட்ரோல் இல்லாமல் டாக்சியை நிறுத்திவிட்ட நல்லையா சுருட்டு வைப்பார்.

கிராணி சுமாரான ஆட்டக்காரர். சீட்டை மடக்கி ஆட்டத்திலிருந்து விலகுவது கௌரவக் குறைச்சல் என்று எந்தக் கையோடும் கடைசிவரை வருவார். போதாததற்கு, வெள்ளிக்கிழமையில் ராணியைக் கழிக்கவே மாட்டார்.

"கிராணியாரே, அந்தக் கிழவியத் தூக்கிப் போடுங்க லா," என்பார் நல்லையா.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டு லட்சுமிய வெளிய தள்ளச் சொல்றியா? அதான் ஒன் டாக்சி ஓடல!"

ராணிக்குத் துணையாக இன்னொரு சீட்டை வைத்துக்கொண்டு மற்ற மூன்றை மாற்றுவார். பெரும்பாலும் ஒன்றும் சேராது. அதனால் மற்ற நாளில் மருதப்பன் மடக்கிவிடும் இரண்டு எட்டு, இரண்டு ஒன்பது போன்ற சிறு ஜோடிகளும் வெள்ளிக்கிழமை ஆடத்தக்க கைகளாயின.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ரப்பர் துண்டுகளோடு போனவர் மூன்று மணிக்குள் பன்னிரண்டு மாத்திரை சேர்த்துவிட்டார். இன்னும் ஒன்பது வேண்டும்.

அடுத்த ஆட்டத்துக்கு மருதப்பனும் கிராணியும் ஆளுக்கு ஒரு மாத்திரை வைத்தார்கள். மருதப்பனுக்கு ஒன்பதில் ஒரு ஜோடி. மூன்று மாற்றினார், ஒன்றும் தேறவில்லை. கிராணியும் மூன்று மாற்றினார். பிறகு எட்டு மாத்திரையை எண்ணி நடுவில் தள்ளினார்.

நல்லையா மடக்கினார். "பெரிசா வச்சிருக்காரு. எழுந்திரிடா, பதினொண்ணாச்சும் மிஞ்சும்."

பதினொரு மாத்திரை அரை வைத்தியம். கிராணி கையில் இருப்பது துணை சேராத ஒரு ராணியா, இரண்டு ராணியா? இரண்டுக்கும் மூன்று சீட்டுதான் மாற்றுவார். வெளியிலிருந்து ஒரு வித்தியாசமும் தெரியாது. இதை நான் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மருதப்பன் பக்கம்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் தோற்றால் வீட்டில் போய் என்ன சொல்வது என்பதற்கு என் படிப்பில் கணக்கில்லை. நானாக இருந்தால் எழுந்து போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மருதப்பன் எட்டு மாத்திரையை வைத்தார்.

கிராணி சீட்டை விரித்தார். ராணி, ஆஸ், ஏழு, ஐந்து, மூன்று. ஜோடியே இல்லை.

"ஒம்பதுக்கா இவ்ளோ தைரியம்?" என்று கிராணி வாய்விட்டுச் சிரித்தார்.

மருதப்பன் மாத்திரைகளை அள்ளி, தம்மிடம் மிச்சமிருந்த மூன்றோடு சேர்த்தார். இருபத்தொன்று. இரண்டு முறை எண்ணினார். உடனே எழுந்துவிட்டார்.

"ஜெயிச்ச கையோட கெளம்புனா எப்படி? எனக்கு ஒரு ஆட்டம் கடன், மருதப்பா!"

"வர்றேண்ணே."

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. அம்மா எழுந்து உட்கார்ந்து, மரவள்ளிக்கிழங்கு வேண்டாம், சோறு வேண்டும் என்று அழுதாராம். மூன்று இரவு கண்மூடாத பாக்கியலட்சுமி, அந்த அழுகை காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார்.

தோட்டத்துக் கூலிகளுக்கு வந்த மாத்திரையைக் கிராணி விற்றார். அவருடைய பக்தியை வைத்துத் தாத்தா அதை வென்றார். யார் செய்தது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அம்மா பிழைத்தார் என்ற நிம்மதி அந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

மருதப்பன் அந்த வீட்டில் மறுபடி சீட்டுக்கு உட்காரவில்லை. போர் முடிந்த பிறகும் பாசார் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் கிராணி, "எப்ப, மருதப்பா?" என்று கேட்பார். "அடுத்த வாரம்ணே," என்பார் இவர்.

"ஏன் தாத்தா போகல?"

"போய் உக்காந்தா, ராணியக் கழிச்சிடுங்கண்ணேன்னு வாய்விட்டுச் சொல்லிடுவேன்னு பயம்."

கிராணி ராஜரத்தினம் 1968இல் இறந்தார். அந்த ஒரு ஆட்டம் கடைசிவரை ஆடப்படவில்லை.