செயற்குழுவின் கையெழுத்து

எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிட வேண்டும். 1997-இல் கோபாலசாமிக்கு இருந்த ஒரே லட்சியம் அதுதான். உடுமலைக்காரர். பிஸ்கட்டவேயில் மருந்துக் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை. கிரீன் கார்டு வந்துவிட்டது, டவுன்ஹவுஸ் வாங்கியாயிற்று. மேடையில் ஒரு நாற்காலிதான் பாக்கி.

அதற்கு அவர் பிடித்த வழி எழுத்துரு. பொங்கல் மலரில் கணினி எழுத்து விறைப்பாக இருக்கிறது என்று எல்லோரும் குறைபட்டார்கள். மனைவி ஸ்வர்ணாவை வேகமாக ஒரு பக்கம் எழுதச் சொல்லி, ஸ்கேன் செய்து, எழுத்து எழுத்தாக வெட்டி, மவுஸால் ஓரம் இழைத்துக் கணினியில் ஏற்றினார். பொய் சொல்லக் கூடாது, அழகாகவே இருந்தது. தட்டச்சு செய்தால் யாரோ கடிதம் எழுதியது போலவே வந்தது.

மலருக்கு அனுமதி வாங்கத் தலைவர் சேனாபதி வீட்டு பேஸ்மென்ட்டில் செயற்குழு கூடியது. ஸ்வர்ணாவும் வந்திருந்தாள். கணினி வேலைக்கு ஒத்தாசையாக நானும் போயிருந்தேன்.

"சூப்பர் கோபால். ஆனா உங்க வொய்ஃப் கையெழுத்து மட்டும் வந்தா மத்தவங்க ஃபீல் பண்ணுவாங்களே?" என்றார் சேனாபதி.

"நான் ஸ்கூல்ல ஹேண்ட்ரைட்டிங் ப்ரைஸ் வாங்கினவ. என்னை யாரு கேட்டா?" என்றார் பொருளாளர் கலாவதி.

அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் ஓட்டு உண்டு. பின்னால் ஆளும் உண்டு. கோபாலசாமி உடனே எழுத்துக்களைப் பிரசாதம் போலப் பங்கு போட்டார். மெய்யெழுத்தெல்லாம் தலைவருக்கு. கால், கொம்பு எல்லாம் கலாவதிக்கு. உயிரெழுத்து துணைத்தலைவர் சுந்தரராமனுக்கு.

எங்கள் ஊரில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். ஓட்டுக்காகக் குனிகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தேன். கார்ப்பெட் போட்ட தரையில் அதைவிட ஆழமாகக் குனியலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

"ஏனுங்க, ஆளுக்கொரு துண்டு எழுதுனா அது கையெழுத்தாங்க?" என்று கேட்டாள் ஸ்வர்ணா.

"நீ சும்மா இரு. எலெக்‌ஷன் முடியட்டும்."

எல்லோரும் பரீட்சைக்கு எழுதுவது போல எழுதிக் கொடுத்தார்கள். சேனாபதி ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு முறை மேலே எழுதித் தடிமனாக்கினார். சுந்தரராமன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். மலர் வந்தபோது ஒவ்வொரு பக்கமும் கல்யாண வீட்டு குரூப் போட்டோ. எல்லா எழுத்தும் முன்வரிசைக்கு முண்டியது. கட்டுரையை ஒருவரும் படிக்கவில்லை. அவரவர் எழுத்தைத் தேடினார்கள்.

"உயிரெழுத்து பெருமைன்னு தலைல கட்டிட்டியேப்பா! கலாவதி காலும் கொம்பும் பக்கம் பூரா இருக்கு. என் 'ஔ' எங்க?" என்று பாய்ந்தார் சுந்தரராமன்.

"அடுத்த மலர்ல ஔடதம் பத்தி ஒரு ஆர்ட்டிக்கிள் போட்டுடலாங்க சார்."

"அடுத்த மலர நீதான் போடப் போறியா?"

அந்த மாதமே ஒரு பள்ளிக்கூட கஃபெட்டீரியாவில் தேர்தல். கோபாலுக்குப் போடாதீர்கள் என்று சுந்தரராமன் வீடு வீடாக போன் செய்து முடித்திருந்தார். செயலாளர் ஆனவர் பொங்கல் விழாவில் இட்லி ஸ்டால் போட்டவர்.

திரும்பும்போது நான் பின் சீட்டில் இருந்தேன். காரை ஓட்டிய கோபாலசாமி, "நீயாச்சும் எனக்கு ஓட்டுப் போட்டியா?" என்று ஸ்வர்ணாவைக் கேட்டார்.

"உங்க செயற்குழு யாருக்குப் போடச் சொல்லுச்சோ அவங்களுக்குத்தானுங்க போட்டேன். நீங்களும் அவங்க பேச்சத்தான கேப்பீங்க?"

கோபாலசாமி வீட்டுக்குத் திரும்ப வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டு ஹைவேயில் நேராகப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் சொல்லவில்லை.