இடைவேளையில் வாசிக்கும் பெயர்கள்

வெண்டல் ஸ்லோனுக்குக் குரல்தான் சொத்து என்று அமெரிக்க மலையூரான பைன் ஃபோர்க்கில் சொல்வார்கள். பகலில் டயர் கடையில் வேலை. குளிர்காலத்தில் வாரம் இரண்டு மாலை, கல்லூரி உள்ளரங்கத்தில் ஆட்டத்தை அறிவிக்கும் மைக் அவரிடம் இருக்கும். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடியபின் ஊர் மொத்தமாகக் கூடுவது சவ அடக்கத்துக்கும் கூடைப்பந்துக்கும்தான்.

அவர் தொடங்கிய வழக்கம் ஒன்று உண்டு. அந்தக் கல்லூரியில் ஆடிவிட்டுப் போய் இப்போது சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் பெயர்களை இடைவேளையில் வாசிப்பார். பெரிய அணிகளில் யாரும் இல்லை. ஒருவன் போலந்தில், ஒருவன் பிலிப்பைன்ஸில், இருவர் பல்கேரியாவில். பெயர், நாடு, அந்த வாரம் போட்ட புள்ளி. பெயர் வந்ததும் அந்த வீட்டார் எழுந்து நிற்பார்கள். யாரும் விதித்ததல்ல. ஒருமுறை ஒரு தாய் எழுந்தாள், அப்படியே நிலைத்துவிட்டது. ஆடாதவன் பெயரை வாசிப்பதில்லை.

ஓர்லின் ராட்லிஃப் தனியாக எழுவார். மனைவி இறந்து வெகுகாலம். கரித்தூள் அடைத்த நுரையீரல். எழுந்தால் இருமல் வரும். மகன் கேசி, உள்ளூர்ப் பள்ளியில் பயிற்சியாளர் வேலை தயாராக இருந்தும் வேண்டாமென்று பல்கேரியாவுக்குப் போனவன். போகிற அன்று ஓர்லின், தோற்றுப்போய்த் திரும்பினால் என் வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். அதோடு இருவருக்கும் பேச்சில்லை. மகன் இருக்கிறான் என்பதற்கு வெண்டலின் குரல்தான் அவருக்குச் சாட்சி.

கிறிஸ்துமஸுக்கு முன்பே கேசியின் புள்ளிகள் நின்றுபோயின. பிறகு அணியின் இணையப் பக்கத்தில் அவன் பெயரே இல்லை. கணுக்கால் பிசகியிருக்கும், அணி மாறியிருப்பான் என்று வெண்டல் தனக்கே சொல்லிக்கொண்டார். விசாரிக்கலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

கேசியின் பெயர் வராததால் இடைவேளைகளில் ஓர்லின் உட்கார்ந்தே இருந்தார். பின்வரிசையிலிருந்த மரக்கடை ஹோபர்ட் விடுவதாக இல்லை.

“என்ன ஓர்லின், முட்டிக்கு இன்னைக்கும் லீவா?”

ஓர்லின் சிரித்து வைத்தார். அடுத்த ஆட்டத்தில், பையன் அங்கே தண்ணீர் பாட்டில் தூக்குகிறானாமே என்று ஹோபர்ட் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வெண்டல் மேசையிலிருந்து அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் ஒரு மாலை, பட்டியலின் நடுவே, கேசி ராட்லிஃப், பல்கேரியா, எட்டுப் புள்ளி என்று வாசித்தார். குரல் பிசிறவில்லை. ஓர்லின் எழுந்தார். திரும்பி ஹோபர்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மறுவாரம் பதினொன்று. அதற்கடுத்து ஆறு, எப்போதும் நன்றாகவே ஆடினால் நம்பும்படி இருக்காது.

வெண்டல் இதை மனைவி நெல்டாவிடம் மட்டும் சொன்னார். அவள் சோளரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினாள்.

“ஓர்லினுக்கு நல்லது பண்றேன்னு நெனக்கிற. அந்தப் பையன் எங்க இருக்கான்னு யாராச்சும் பாத்தீங்களா?”

அடுத்த ஆட்டத்திலும் அவர் வாசித்தார். அன்றிலிருந்து அந்தப் பெயரை வாசிக்கும்போதெல்லாம் நாக்கில் இரும்பை வைத்தது போல் ஒரு சுவை.

பிப்ரவரியில், ஆட்டநாள் பிற்பகல், டயர் கடைக்கு ஃபோன் வந்தது. மார்லோ. கேசியோடு இங்கே ஆடி, பல்கேரியாவிலும் அவனோடு ஒரே அணியில் இருந்தவன். கேசி இப்போது எந்த அணியில் இருக்கிறான் என்று கேட்டான். அவன் அறைக்கு வாடகைக்காரரை வைக்கவேண்டும், சாமானை என்ன செய்வது என்று வீட்டுக்காரம்மா நச்சரிக்கிறாளாம்.

உங்கள் அணியில்தானே என்று இழுத்தார் வெண்டல்.

“டிசம்பர்லயே டீம்லேருந்து தூக்கிட்டாங்க சார். ரூம விட்டு வெளிய வரல. ஊருக்குப் போடான்னா, எந்த மூஞ்சியோட போறதுங்கிறான். புது வருஷம் பொறந்து ஒரு நாள் காலைல ஆளக் காணோம். போலீசுக்குப் போகத்தான் இருந்தேன். அப்பதான் நம்ம காலேஜ் ஆட்டத்த நெட்ல கேட்டேன். எட்டுப் புள்ளின்னு நீங்க சொன்னீங்க. சரி, இங்கயே வேற ஊர்ல சேந்துட்டான்னு விட்டுட்டேன்.”

திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வெண்டல் ஃபோனை வைத்தார். கேசியின் எண்ணுக்குப் போட்டுப் பார்த்தார். மணிகூட அடிக்கவில்லை.

ஓர்லின் வீட்டில் இல்லை. கூட்டம் வருமுன்பே உள்ளரங்கத்துக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே பையன்கள் பந்தைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். வெண்டல் படியேறி வருவதைக் கண்டு பாப்கார்னை நகர்த்தி இடம் விட்டார்.

“உக்காரு. உன்னத்தான் பாக்கணும்னு இருந்தேன். பையனோட நம்பரு வேணும். அவன் ஆடாம சும்மா கெடக்கும்போது கூப்பிட்டா, குத்திக்காட்டத்தான் கூப்பிடுறேன்னு நெனப்பான். இப்ப நல்லா ஆடுறான்ல.”

வெண்டல் உட்காரவில்லை.

“அவன் ஆடல ஓர்லின். அந்தப் புள்ளியெல்லாம் நானாப் போட்டது.”

பிறகு மார்லோ சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னார். ஓர்லின் அடிக்கவில்லை, கத்தவில்லை. இருமல் வந்தது, அது அடங்கும்வரை முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மார்லோவுக்குப் போட்டுக் கொடு என்றார்.

மார்லோ எடுத்ததும், எந்தத் தேதி, யார் கடைசியாகப் பார்த்தது என்றெல்லாம் ஓர்லின் கேட்கவில்லை.

“அங்க அப்ப பனியா?”

“அவன் போன ராத்திரிலேருந்து நாலு நாள் கொட்டுச்சு சார்.”

“அவன் குளிர் கோட்டு?”

“ரூம்லதான் தொங்குது.”

ஓர்லின் அந்த ஊர்ப் போலீஸ் எண்ணைக் கேட்டார். மார்லோ சொல்ல, ஒவ்வொரு எண்ணாக அவர் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். வெண்டல் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டார்.