எனக்காகச் சேர்ந்த சாமான்

சாப்பிட்டு முடித்ததும் நான்கு தட்டுகளையும் கழுவி, அம்மா சன்னல் ஓரமாகச் சாய்த்து வைப்பாள். ஒன்றின் மேல் ஒன்று சாயும்போது டங்... டங்... என்று சத்தம் வரும். அது கேட்டால் இனி வேலை இல்லை, அம்மா எங்களோடு உட்காருவாள் என்று அர்த்தம்.

தேவகோட்டையில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்த நாட்கள் அவை. எனக்கு ஆறேழு வயது. அப்பா, அம்மா, அக்கா, நான்... நான்கு தட்டு, நான்கு டம்ளர், துணிக்கு ஒரு டிரங்குப் பெட்டி. என் கவுன் குட்டையானால் அடுத்த வீட்டுப் பாப்பாவுக்குப் போய்விடும். குடத்தில் ஓட்டை விழுந்தால் அடைத்து வாங்குவோம். வீட்டிலிருந்து வெளியே போகும் குப்பை ஒரு கைப்பிடி தேறாது. எதுவும் இல்லை என்று நாங்கள் நினைத்ததாக ஞாபகமே இல்லை.

பிறகு கண்டனூரில் சொந்த வீட்டுக்கு வந்தோம். எங்களுடையது விவசாயக் குடும்பம். ஆனால் சுற்றி இருப்பவை பெரிய பெரிய செட்டியார் வீடுகள். அங்கே கல்யாணம் என்றால், பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானையெல்லாம் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். ஊரே வந்து பார்க்கும். அம்மாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து வாங்க ஆரம்பித்தாள். எவர்சில்வர் தட்டு, குண்டான், வாளி, குத்துவிளக்கு, பிளாஸ்டிக் டப்பா... தள்ளுபடி என்றால் போதும். கடைசி அறை நிறைந்து பூட்டு விழுந்தது.

அக்கா கல்யாணத்தில் அத்தனையும் பரப்பினோம். அக்கா குடிபோனது திருப்பூரில், இரண்டு அறை வீட்டுக்கு.

"கோவிச்சுக்காதம்மா. இதையெல்லாம் உள்ள வச்சா நாங்க ரெண்டு பேரும் மொட்டமாடியிலதான் படுக்கணும்."

போன வேனிலேயே சாமான் திரும்பி வந்தது. "போகட்டும், சின்னவளுக்கு ஆச்சு" என்று அம்மா மறுபடி பூட்டினாள்.

சின்னவள் நான். பிளஸ் டூ படிக்கிறேன்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, எப்போது வந்தாலும் அந்த அறையைத் திறந்து காட்டச் சொல்வார். போன மாதம் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "சாமானும் தயாராக் கெடக்கு, பொண்ணும் வளந்து நிக்கிறா. பரீச்ச முடியவும் ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்காம இன்னும் என்னத்தப் பாக்குறீக?"

அம்மா மறுத்துப் பேசவில்லை. மதுரையில் தாவரவியல் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அன்று முதல் சோறு இறங்கவில்லை.

இந்த வாரம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் அன்னதானம். ஒவ்வொரு வருடமும் அது முடிந்த மறுநாள், பிளாஸ்டிக் தட்டும் கப்பும் ஊரணித் தண்ணீரில் மிதக்கும். அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அப்பாவிடம் அறைச் சாவியைக் கேட்டேன். சாமானைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டால், தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்கும் எடுத்துப் புழங்கிவிட்டுக் கழுவி வைக்கலாம் என்றேன். அத்தை சொன்னதையும், படிக்கும் ஆசையையும் அழுதுகொண்டே சொன்னேன்.

அப்பா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து சாவியை நீட்டினார்.

"குடுப்போம் ஆத்தா. ஒங்கம்மா வந்தா மட்டும், நான் வயலுக்குப் போயிட்டேன்னு சொல்லிரு."

தெருப் பெண்கள் வந்து எல்லாவற்றையும் சுமந்து போனார்கள்.

இன்று சாயங்காலம் அம்மா வந்தாள். அப்பா நிஜமாகவே வயலுக்குப் போயிருந்தார். காலி அறையைப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தன வருசமாச் சேத்ததுடி..."

"கோயிலுக்குத்தானம்மா குடுத்தோம்."

"ஒங்க அத்த கேட்டா நான் என்னத்தடி சொல்ல?"

"இன்னும் சாமான் சேரலன்னு சொல்லும்மா."

"சேர எம்புட்டு நாளாகுமாம்?"

"நான் காலேஜ் முடிக்கிற மட்டும் ஆகும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய் உலை வைத்தாள்.

சாப்பிடும்போது அத்தையின் போன் வந்தது. அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா இடது கையால் எடுத்தாள்.

"ஆமா மதினி, குடுத்துட்டோம்... மாப்பிள்ளையா? சாமான் ஒண்ணுமே சேரலையே மதினி. அவ படிச்சு முடிக்கட்டும், பெறகு சேப்போம்."

போனை வைத்துவிட்டு என் தட்டைப் பார்த்தாள். "ஒரு மாசமாக் கோழி கொத்துற மாதிரி கொத்திக்கிட்டு இருக்க. இன்னுங் கொஞ்சம் போட்டுக்க."

எல்லோரும் தூங்கிய பிறகு, அம்மாவின் போனில் ஒளிந்து எழுதுகிறேன். இது பத்திரிகையில் வந்தால் அத்தையும் படிக்கக்கூடும், அதனால் பெயர் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

தேவகோட்டையில் எங்கள் வீட்டைத் திறந்து பார்க்க யாரும் வந்ததில்லை. அந்த நாட்களில் அம்மா யாருக்கும் பயந்து நான் பார்த்ததே இல்லை. இங்கே வந்து சாமான் சேரச் சேர, யார் என்ன சொல்வார்களோ என்பதும் அவளுக்குள் சேர்ந்துவிட்டது...

இன்று போனில் பேசும்போது அவள் குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.