அகஸ்ரின் வீட்டுக் கலியாணமும் அருள்நாயகத்தின் லான்சியாவும்

கனடாவில், மில்லிக்கன் பகுதியில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அருள்நாயகம். மன்னார் ஆள், பேக்கரியில் மா குழைக்கிற வேலை. யாரிடமும் "இல்லை" என்று சொல்லத் தெரியாத மனிதர். தங்கமான குணம் என்று சனம் சொல்லும். நான் சொல்லமாட்டேன். இல்லை என்று சொல்லத் தெரியாதவன் வீட்டில் நல்ல பொருள் எதுவும் தங்காது.

கனடாவுக்கு வருமுன் இத்தாலியில், தூரின் நகரத்துச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் கோப்பை கழுவினார். முதலாளியிடம் ஒரு சிவப்பு நிற லான்சியா ஃபுல்வியா இருந்தது. இரண்டு கதவு, சின்ன எஞ்சின், பாய்ந்து ஓடுகிற கார். ஞாயிறுதோறும் அதைக் கழுவித் துடைப்பதும் இவர் பொறுப்பு. ஈர உடுப்போடு உள்ளே ஏறக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. உடுப்புக் காய்ந்த நாட்களிலும் ஏறு என்று அந்த மனிதன் சொல்லவில்லை. ஒருநாள் அப்படியொரு காரை நானே ஓட்டவேண்டும் என்ற ஆசை அருள்நாயகத்துக்கு அங்கேதான் பிடித்தது.

பல வருடங்களுக்குப் பிறகு வுட்பிரிட்ஜில் ஒரு இத்தாலியக் குடும்பத்தின் கராஜில் அதே இனக் கார் கறல் பிடித்துக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அவருடைய மனைவி அன்ரனெற் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, உது காரோ, கோழிக்கூடோ?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் மனுசன் விடவில்லை. லீவு நாளெல்லாம் கராஜுக்குள்தான். எஞ்சினைக் கழற்றிப் பூட்டினார், தகரம் வெட்டி ஒட்டினார், இத்தாலியிலிருந்து ஒவ்வொரு சாமானாக வரவழைத்தார். கோழிக்கூடு மெல்ல மெல்லக் காரானது.

வேலி ஓரம் நான் தலைகாட்டினால் போதும், லான்சியா புராணம் தொடங்கிவிடும். லான்சியாக் கம்பனியைத் தொடங்கியவனின் தகப்பன் தூரினில் சூப் வியாபாரி. மகன் வின்சென்சோ கணக்குப் படிக்கவேண்டும் என்று விரும்பினாராம். மகனுக்கோ தங்கள் முற்றத்துப் பட்டறையில்தான் கண். வளர்ந்து, கார் ஓட்டப் போட்டிகளில் ஓடி, 1906இல் தன் பெயரிலேயே கம்பனி தொடங்கினான். பழைய ரோமானியப் பாதைகளின் பெயர்களைக் கார்களுக்கு வைப்பது அந்தக் கம்பனியின் வழக்கம். ஃபுல்வியாவும் ஒரு பாதைதான். ஐம்பத்தைந்து வயதில் வின்சென்சோவின் மூச்சு நின்றது. பின்னால் வந்த மகன் ஜியான்னி பந்தயக் கார்களில் காசைக் கொட்டித் தாக்குப்பிடிக்க முடியாமல், அந்தக் கார்களை எதிராளியான ஃபெராரியிடமே ஒப்படைத்தான். கம்பனியும் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஃபியற்றிடம் போய்ச் சேர்ந்தது.

"ஆசையாச் செய்தவன் ஒருத்தன், அனுபவிச்சவன் வேறொருத்தன்," என்று முடிப்பார். நூறு தரம் கேட்டிருப்பேன். கொட்டாவியும் விட்டிருப்பேன்.

இந்த வசந்தத்தில்தான் கார் ஓடத் தொடங்கியது. கோடை லீவில் அன்ரனெற்றைப் பக்கத்தில் இருத்தி, ஏரிக்கரை றோட்டால் கிங்ஸ்ரன் வரை போய்வருவது திட்டம். வாழ்நாளில் அந்த மனுசன் தனக்கென்று போட்ட ஒரே திட்டம் அதுதான்.

அதற்குள் வந்தது கலியாணம். அன்ரனெற்றின் தமையன் அகஸ்ரின்தான் இவர்களைக் கனடாவுக்கு எடுத்துவிட்டவர். அவருடைய மகள் ஜெசிகாவுக்கும் றொய்சன் என்ற பெடியனுக்கும் கலியாணம். "மச்சான், பொம்பிளை மாப்பிளை ஹோலுக்கு வந்திறங்க உன்ர கார்தான் வேணும்," என்றார் அகஸ்ரின். அருள்நாயகம் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுதத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்று எனக்கும் அழைப்பு வந்தது.

மார்க்கம் நகரில், சரிவான பாதையின் அடியில் இருந்தது அந்த ஹோல், விருந்து மண்டபம். தேவாலயத்திலிருந்து மணமக்களை ஏற்றிக் காரை இவரே ஓட்டி வந்தார். மேல் வாசலில் வீடியோக்காரன் டெனிஸ்டன் மறித்தான். ஸ்டியரிங்கில் மாப்பிள்ளை இருந்தால்தான் படம் எடுபடுமாம். மாப்பிள்ளைக்குக் கிளச் வைத்த கார் ஓட்டத் தெரியாது. அதனாலென்ன, எஞ்சினை நிற்பாட்டிவிட்டுப் பெடியள் பின்னால் தள்ளட்டும் என்றான்.

"வேண்டாம் தம்பி, இதில சரிவு இருக்கு," என்றார் அருள்நாயகம்.

"மச்சான், ஒரு நிமிசம்தானே. நல்ல நாளில முகத்தை முறிக்காதை," என்றார் அகஸ்ரின்.

அருள்நாயகம் இறங்கிவிட்டார். ஸ்டியரிங்குக்கு மாப்பிள்ளை வந்தான், பக்கத்தில் ஜெசிகா. யன்னலால் தலையை நீட்டி, "எஞ்சின் ஓடாட்டில் பிரேக் கல்லு மாதிரி இருக்கும். ஏறி நிண்டு மிதிக்கவேணும். இதுதான் ஹாண்ட் பிரேக்," என்று மாப்பிள்ளைக்குக் காட்டினார். "ஓகே அங்கிள், no worries," என்றான் றொய்சன், கண்ணாடியில் தலைமயிரைச் சரிசெய்தபடி.

பெடியள் தள்ளினார்கள். ட்ரோன் மேலே வந்தது. "எல்லாரும் விலகுங்கோ, படத்தில விழுறியள்!" என்று டெனிஸ்டன் கத்தினான். எல்லாரும் விலகினார்கள். கார் விலகவில்லை, வேகம் பிடித்தது. கோட் சூட்டோடு பின்னால் ஓடியவர் அருள்நாயகம் ஒருவர்தான். பின் பம்பரை எட்டிப் பிடித்தும்விட்டார். சப்பாத்து வழுக்கி, கார் அவரையும் கொஞ்சத் தூரம் இழுத்துக்கொண்டு போனது. பிறகு கை விட்டுப்போனது. கார் ஹோல் வாசல் கொங்கிறீற்றுத் தூணில் மோதி நின்றது.

மணமக்களுக்கு ஒரு கீறலும் இல்லை. கடவுளுக்கு நன்றி. ஜெசிகா அழுதாள்; அவளைச் சுற்றிச் சனம். அருள்நாயகம் காருக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்தார். வயிற்றுப் பக்கமெல்லாம் எண்ணெய்.

"அடிச்சட்டம் வளைஞ்சிட்டுது, மூர்த்தி. என்ர கையால இனி உதை நிமித்தேலாது. இது ஓடாது," என்றார் என்னிடம்.

அகஸ்ரின் வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, மச்சான்!" அது போதும், ஆளாளுக்கு அதையே பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் மேல் விழவிருந்த கண்ணூறு காரோடு கழிந்ததாம். மாப்பிள்ளையின் தாய் ஒருபடி மேலே போய், "நல்ல காலம் சொந்தக்காரரின்ர கார். வாடகைக் கார் எண்டால் எவ்வளவு கரைச்சல்!" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அருள்நாயகம் என் கையைப் பிடித்து அமர்த்தினார். சுபகாரியத்தில் எங்கள் ஆட்கள் அழவும் கூடாது, கோபிக்கவும் கூடாது. பிழைத்தது பொம்பிளை மாப்பிளை. அதற்குப் பக்கத்தில் ஒரு காருக்காக எப்படி அழுவது? "ஓம், ஓம், பெரிய காரியம்," என்று எல்லாருக்கும் தலையாட்டினார்.

மற்ற விருந்தினர் வருமுன் காரை எடுக்கவேண்டும் என்று ஹோல் மனேச்சர் நெருக்கினார். அதே பெடியள்தான் அதைக் சமையல் குசினிக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள்.

விருந்து தொடங்கியது. மேடையில் அறிவிப்பாளன் முன்னரே எழுதி வைத்ததை அப்படியே வாசித்தான்: "மணமக்களை அழகான பழைய இத்தாலியக் காரில் அழைத்து வந்த அருள்நாயகம் மாமாவுக்கு எல்லாரும் பலத்த கைதட்டுக் குடுங்கோ!"

முழு ஹோலும் தட்டியது. அன்ரனெற் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்து, "எழும்புங்கோ, எல்லாரும் பாக்கினம்," என்றார். அன்ரனெற்றின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அருள்நாயகம் எழும்பினார். எண்ணெய் ஊறிய கோட்டுக்கு முன்னால் கை கூப்பினார், சிரித்தார். கமரா அவர் முகத்துக்குக் கிட்ட வந்தது. கைதட்டல் ஓயவில்லை. சிரிப்பை மாற்றாமல், நின்றபடியே தன் கதிரையைக் கண்ணால் காட்டி, உதடு மட்டும் அசையப் பக்கத்திலிருந்த என்னிடம் கேட்டார்:

"மூர்த்தி, இனி நான் இருக்கலாமோ?"