மூணு கோட்டிங்

"கதை விடாதே" என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இது கதை இல்லை. அந்தப் படகுக்குப் பலகை அறுத்த தச்சன் நான். கடைசியில் அந்தப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றியதும் இதே கைதான்.

அவன் படகுக்குப் பெயின்ட் அடிப்பவன். என் பட்டறைக்கு அடுத்த கொட்டகை. யார் என்ன கேட்டாலும் "மூணு கோட்டிங் அடிச்சாச்சு" என்பான். அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மூன்று. தெரியாத இடத்தில்... முட்டை.

ப்ளைவுட் தாகம் பிடித்த சாமான். அறுத்த ஓரம் இருக்கிறதே, அது குடிக்கும். தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலர் தடவத் தடவ உறிஞ்சும். குடித்து அடங்கின பிறகுதான் மேலே பெயின்ட். அடங்காத ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் பலகை ஊதி, அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும்.

போன வருஷம் அவன் அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு படகு. இருக்கைக்கு அடியில் மூடிய காற்றுப் பெட்டி ஒன்று இருக்கும். தண்ணீர் ஏறினாலும் படகை மிதக்க வைப்பது அதுதான். அதன் உட்பக்கத்தை வெறும் பலகையாகவே விட்டு மூடிவிட்டான், பாவி. வெளியே மட்டும் பளபளவென்று மூன்று. நாலே மாதத்தில் பெட்டி பிரிந்தது. ஏரிக்கு மீன் பிடிக்கப் போன மாமா கரைக்கு வரவில்லை. உடைந்த பலகை என் பட்டறைக்கு வந்தது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவிடம் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் அக்கா தானே மீன் பிடிக்கப் போவதென்று துணிந்தாள். படகு கேட்டுத் தம்பியிடமே வந்தாள்.

"உன் கையை நம்பித்தான்டா ஏறப் போறேன்."

அது அவனைச் சுட்டுவிட்டது. இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வதென்று உண்மையாகவே நினைத்தான்.

மத்தியானம் 12.40. பட்டப்பகல். புதுப் படகின் காற்றுப் பெட்டியில், உள் ஓரத்தில் முதல் சீலர். குடித்தது. 1.05க்கு இரண்டாவது. குடித்தது. 1.30க்கு மூன்றாவது. பிரஷை எடுப்பதற்குள் ஓரம் மறுபடியும் வெறும் மரம்.

"என்ன குடி குடிக்குது இது!" சிரித்துக்கொண்டே நாலாவது அடித்தான்.

அப்போதுதான் கேட்டது.

மடக்... மடக்...

யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம். கொட்டகையில் அவனைத் தவிர ஆளில்லை.

1.52. டப்பா காலி. பெட்டிக்குள்ளிருந்து சேற்று வாடை...

டொக்.

டொக்.

டொக்.

பிறகு ஒரு குரல். ஈரமாக.

"மூணு ஆச்சா, மாப்ளே?"

அவனை அப்படிக் கூப்பிட்டவர் ஒரே ஒருத்தர்தான்.

2.10க்கு என் பட்டறைக்கு ஓடி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன்.

"சீலர் வாடை தலைக்கேறிடுச்சுடா. போய் வேற டப்பா வாங்கி அடி."

அவன் வாங்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் மறுபடியும் கையை விட அவனால் முடியவில்லை. மூடியை வைத்தான். பதினாறு திருகாணி. முறுக்கினான். வெளியே மூன்று கோட்டிங். கண்ணாடி மாதிரி மின்னியது.

நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு அக்கா வந்தாள்.

"உள்ளயும் அடிச்சியாடா?"

"மூணு கோட்டிங்க்கா."

"அப்ப நீயே முதல்ல ஒரு சுத்து சுத்திட்டு வா. உங்க மாமா மாதிரி நானும்..."

முடிக்க முடியாமல் அழுதுவிட்டாள். அவன் படகைத் தண்ணீரில் தள்ளினான்.

7.20க்குத் துடுப்பைப் போட்டான். கரையில் நானும் அக்காவும்.

7.34. நடு ஏரியில் துடுப்பு நின்றது. அவன் குனிந்தான். இருக்கையில் காதை வைத்தான்.

நிமிர்ந்தான்.

வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை...

காற்றே இல்லை. படகு தானாகக் கரைக்கு வந்தது. அவன் நேராக உட்கார்ந்திருந்தான். திறந்த வாய் திறந்தபடியே. உயிர் இல்லை. படகுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். பதினாறு திருகாணியின் மேலும் பெயின்ட் உடையாமல் இருந்தது. உள்ளே, ஓரம் பூராவும் சீலர். மூன்று கோட்டிங். அருமையான வேலை. பிரஷ் கோடு இல்லை. விரல் கோடு.

உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"இவர் என்ன குடிச்சார்?"

தொண்டையிலிருந்து நெஞ்சு வரை சீலர் கல்லாக இறுகியிருந்ததாம். அடுக்கு அடுக்காக. எத்தனை அடுக்கு என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"மூணு."

அக்கா இன்றைக்கும் அந்தப் படகில்தான் போகிறாள். சொட்டு ஒழுகியதில்லை. போன வாரம் என்னைப் பார்க்க வந்தாள்.

"என் தம்பி உள்ள வரைக்கும் பூசியிருக்கான் அண்ணே. ஆனா ரெண்டு நாளா சீட்டுக்கு அடியில யாரோ தட்டுற மாதிரி இருக்கு. பலகை அறுத்தது நீங்கதானே... ஒரு நாள் ஏறி வந்து என்னன்னு பாருங்களேன்."