தவளைப் படத்தின் கீழ் ஒரு காப்பி விதை

எங்கள் இரண்டு பெண்களில் சின்னவள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது பள்ளிக்கூடத்தில் ஏணியும் அட்டையும் வந்து நன்றாக ஊன்றிவிட்டிருந்தன. நானும் ஐந்தாவது வரை அதே பள்ளிக்கூடம்தான். எங்கள் காலத்தில் ஒரு பலகை, ஒரு குச்சி, வாய்ப்பாடு, அவ்வளவுதான் படிப்பு. எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் கத்துவோம். தெரியாதவர்கள் வாயை மட்டும் அசைப்போம். நான் வாயை அசைத்த கட்சி. அதனால் என் பிள்ளைகளுடைய வகுப்பை முதன்முதலாகப் போய்ப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

சுவரில் பெரிய தாளில் பாடத்துக்கு ஒரு ஏணி வரைந்திருக்கும். படிக்குப் படி ஒரு படம். முயல், தவளை, அணில், வண்ணத்துப்பூச்சி என்று. பிள்ளை தானாகப் போய்த் தன் படிக்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு, அந்தப் படம் தொங்கும் இடத்தில் பாயில் உட்கார்ந்து, அட்டையில் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். முடித்து டீச்சரிடம் காட்டினால் அடுத்த படி. ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டாம். சுவரின் அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு அடித்து, ஆளுக்கொரு கட்டம். அந்தக் கட்டத்தில் அவரவர் எழுதலாம், கிறுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

தினமும் காலையில் வானிலை எழுதுவதும் பிள்ளைகள் வேலைதான். வெயில், மேகம், மழை, மூன்றுக்கும் படம் இருந்தது. எங்கள் மலையில் பாதி நாள் பனிமூட்டம். அதற்குப் படம் இல்லை. ஒன்றாவது படிக்கும் ஒரு வாண்டு அன்றைக்குரிய கட்டத்தில் சாக்பீஸைப் படுக்கப்போட்டுத் தேய்த்து முழுக்க வெள்ளையாக்கிவிட்டது. "என்னடா கண்ணு இது?" என்று டீச்சர் கேட்டதற்கு, "வெளிய போயிப் பாருங்க டீச்சர், ஒண்ணுமே தெரியலைங்க" என்றதாம். அன்றிலிருந்து அந்த வகுப்பில் பனிமூட்டத்துக்கு அதுதான் படம்.

டீச்சர் சேலத்துக்காரர். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தினமும் பஸ்ஸில் மலையேறி வருவார். வளைவுகளில் தலை சுற்றும் என்று கையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம். வந்து இறங்கியதும் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார். அது அன்றைக்கு உருண்டை வடிவத்துக்கு உதாரணமாகிவிடும்.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் சின்னவள் தவளைப் படிக்கு வந்து சேர்ந்தாள். தவளை அட்டையில் இருந்த வேலை இதுதான்: ஒரு விதையைக் கொட்டாங்குச்சியில் நட்டு, தண்ணீர் ஊற்றி, முளைத்ததும் எத்தனை விரல் உயரம், எத்தனை இலை என்று எழுத வேண்டும். ஊட்டிலிருந்து ஒரு விதை கொண்டுவரச் சொன்னார் டீச்சர்.

விதை என்றால் எங்களுக்குக் காப்பி விதைதான். நான் எஸ்டேட்டில் நாற்றுப் போடும் இடத்தில் வேலை செய்கிறேன். நர்சரி என்போம். அந்த மாதம் எங்களுக்கும் விதை போடும் சமயம். சின்னவள் கேட்டதும், எங்கள் ஊட்டுக்குப் பின்னால் நிற்கும் ஒரு செடியில் பழுத்த பழத்தைப் பறித்து, தோல் உரித்து, சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்துக் கொடுத்தேன். பக்கத்து ஊட்டுப் பிள்ளை, இவளுடைய சிநேகிதி, ஒரு மொச்சைக் கொட்டையைக் கொண்டுபோனாள்.

நர்சரியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் விதை போடுகிற அன்று குளித்துவிட்டு வந்து, செருப்பை வெளியே விட்டு, விதை போடும் மண்மேட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மலை மேலே குகைக்குள் இருக்கும் சேர்வராயன் சாமியை நினைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போடுவோம். கும்பிட்டுப் போட்ட விதையை அப்புறம் கிளறிப் பார்க்கக் கூடாது. எடுத்து மாற்றவும் கூடாது. அது மண்ணுக்குப் போய்விட்டது, இனி சாமி பாடு. சின்னவள் லீவு நாட்களில் என்னோடு வந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். பார்த்ததை அவள் இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

வகுப்பில் நடந்ததைச் சிநேகிதிதான் வந்து சொன்னாள்.

"அத்தே, இவ டீச்சரையே செருப்பக் கழட்ட வெச்சுட்டா!"

"என்ன புள்ள சொல்ற?"

"ஆமாங்கத்தே. டீச்சர் குளுருக்கு உள்ளயே செருப்புப் போட்டுக்குவாங்கல்ல? இவ கொட்டாங்குச்சிக்குக் குங்குமம் வெச்சுட்டு, 'செருப்போட வந்தீங்கன்னா மொளைக்காதுங்க டீச்சர்'னுட்டா. டீச்சர் கழட்டிட்டு நின்னாங்க. நின்னு தும்மிக்கிட்டே இருந்தாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. வாரம் ஒன்று போனதும் இரண்டும் அடங்கிப்போயின. மொச்சை மூன்று நான்கு நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு வந்துவிட்டது. சிநேகிதி விரல் வைத்து அளந்து எழுதி, அணில் படிக்குப் போய்விட்டாள். அவரை, தட்டைப்பயறு நட்ட பிள்ளைகளும் போய்விட்டார்கள். காப்பி விதை முளைக்க ஒன்றரை மாதம் ஆகும். குளிர் கூடுதலாக இருந்தால் இரண்டு மாதம். தினமும் விதையோடு புழங்குகிற எனக்கு, கொடுக்கும்போது அது தோன்றவே இல்லை. நர்சரியில் நாங்கள் நாள் கணக்குப் பார்த்துக்கொண்டா நிற்கிறோம்? தண்ணீர் ஊற்றுவோம், வேறு வேலைக்குப் போவோம், ஒரு நாள் முளைத்திருக்கும். ஆனால் தவளைப் படத்தின் கீழ் தினமும் உட்கார்ந்திருப்பவளுக்கு அப்படியா?

அவளோடு அங்கே இருந்தவை இரண்டாம் வகுப்புப் பொடிசுகள் இரண்டு. சிநேகிதி அணிலில் இருந்து கையாட்டுவாள். இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு திங்கட்கிழமை காலையில் தலை பின்னக் கூப்பிட்டால் வரவில்லை.

"நான் இஸ்கூலுக்குப் போவல."

"ஏன் சாமி?"

"தவளைகிட்ட உக்காந்து உக்காந்து நானே தவளையாயிட்டேன். பசங்க 'கொர்க் கொர்க்'குங்கறாங்க."

"வேற விதை போட்டுக்க வேண்டியதுதான?"

என்னை முறைத்தாள். "கும்பிட்டுப் போட்டத எடுக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

என் ஊட்டுக்காரர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கா இத்தன பாடு? நர்சரியில முன்னால போட்டது மொளைச்சு நிக்குது. ஒண்ணப் புடுங்கி அந்தக் கொட்டாங்குச்சியில வெச்சுட்டாப் போச்சு. புள்ள பாட்டுக்கு அணிலுக்குப் போயிருவா" என்றார்.

"சாமிகிட்டயே கள்ள வேலை பண்ணச் சொல்றீங்களா?" என்றேன் நான்.

"சாமிக்கு இருக்கற வேலையில கொட்டாங்குச்சியா எட்டிப் பாக்கும்?"

"பாக்கும்!" என்றாள் சின்னவள். அவர் தம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது வேறு. என் பயம் வேறு. எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் இப்படி ஒரு வாரம், பத்து நாள் என்று பள்ளிக்கூடம் போகாமல் நின்று, அப்படியே பழம் பொறுக்கப் போய்விட்ட பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இவள் படிக்கிறவள். தமிழ் ஏணியில் எல்லோருக்கும் முன்னால் நின்றவள். நான் கொடுத்த ஒரு விதையால் இவள் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது என்று அன்று விளக்கின் முன் நின்று அழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். முளைத்தால் மலை மேலே வந்து தேங்காய் உடைக்கிறேன் என்றும் சொல்லி வைத்தேன். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டரிடம் லீவு கேட்டுக்கொண்டு, அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

டீச்சர் என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, நானே சொல்லிவிடணும்னு இருந்தேன். இன்னொரு விதை போட்டுக்கோ கண்ணுன்னேன், மாட்டேன்னுட்டா. சரி, லேசாத் தோண்டி உள்ள என்ன ஆச்சுன்னு பாக்கலாம்னு குச்சிய எடுத்தேன், அவ்ளோதான், கொட்டாங்குச்சியக் கட்டிப் புடிச்சுட்டு ஒரே அழுகை" என்றார்.

"தோண்டக் கூடாதுங்க டீச்சர்" என்றேன் நான். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பொண்ணுதான் அப்புடின்னா அம்மாவுமா? ஏனுங்கக்கா, அது எப்பதான் முளைக்கும்?"

"மாசி கடைசி ஆயிருங்க."

"மாசியா? எனக்குக் காப்பின்னா பொடி வாங்கறதோட சரி. இது இத்தன சோம்பேறின்னு தெரியாமப் போச்சே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். ஏணியைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணு செய்யலாம். அது பாட்டுக்கு அங்கயே இருக்கட்டும். பக்கத்துல இன்னொரு கொட்டாங்குச்சி வெச்சு மொச்சை போடலாம். எடுக்கவும் வேண்டாம், மாத்தவும் வேண்டாம்."

எனக்கு உயிர் வந்தது. சின்னவள் மட்டும் புருவத்தைச் சுருக்கினாள். "ஒண்ணப் போட்டுட்டு அது வர்றதுக்குள்ள இன்னொண்ணா? சாமி கோவிச்சுக்காதா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து அவள் தலையைத் தடவினேன். "உங்கக்கா ஊட்டுல இருக்கறப்பத்தான நீயும் பொறந்த? சாமி கோவிச்சுக்கிச்சா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். பிறகு, "அப்ப இதுக்கும் பூசை போடணும்" என்றாள்.

"போடலாம் தாயி" என்றார் டீச்சர். "கற்பூரம் மட்டும் வேண்டாம், அட்டையெல்லாம் பத்திக்கும்."

வெள்ளிக்கிழமை நான் ஒரு தூக்குப்போசியில் மொச்சைச் சுண்டலும், தனியாக நல்ல காய்ந்த விதைகளும் கொண்டுபோனேன். இவள் ஒருத்திக்குப் போடப்போன பூசை, வகுப்பு முழுவதற்கும் ஆகிவிட்டது. அணிலில் இருந்தவர்கள், வண்ணத்துப்பூச்சியில் இருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கொட்டாங்குச்சியோடு தவளைக்கே இறங்கி வந்துவிட்டார்கள். டீச்சர் கேட்காமலே செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தார். சர்ச்சுக்குப் போகும் வீட்டுப் பையன் ஒருவன், "நான் எங்க சாமிகிட்டச் சொல்லிக்கறேன்" என்றான்.

"சொல்லு, சொல்லு. ரெண்டு சாமியும் பாத்தா வெரசா மொளைக்கும்" என்றாள் சின்னவள்.

கண்ணை மூடிக் கும்பிட்டோம். யாருக்கு எந்தச் சாமியோ, அந்த வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்து சுண்டலைப் பங்கிட்டபோதுதான் அந்தப் பனிமூட்ட வாண்டு தன் கொட்டாங்குச்சியைத் தூக்கிக் காட்டியது. வெந்த மொச்சையை நட்டு வைத்திருந்தது!

"டேய், சுண்டல் மொளைக்குமாடா?" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

"எடுத்துரு கண்ணு, வேற தர்றேன்" என்றேன்.

அது கொட்டாங்குச்சியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. "பூசை போட்டாச்சுங்க. எடுக்கக் கூடாதுங்க."

டீச்சர் சுவரில் சாய்ந்து நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கடைசியில் அதற்கும் பக்கத்தில் இன்னொரு கொட்டாங்குச்சி வைத்தோம்.

சின்னவளுடைய மொச்சை அடுத்த வாரமே எட்டிப் பார்த்தது. அளந்தாள், இலையை எண்ணினாள், எழுதினாள், டீச்சர் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு தவளையிலிருந்து அணிலுக்குப் போனதை, ஏதோ ஊர் விட்டு ஊர் குடிபோனது போல எங்களுக்கு வர்ணித்தாள். சிநேகிதி பாயில் இடம் விட்டு வைத்திருந்தாளாம். மறுநாளிலிருந்து தலை பின்ன நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவளே சீப்பைக் கொண்டுவந்து நின்றாள். நான் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

காப்பிக் கொட்டாங்குச்சிக்குத் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் அவள் விடவில்லை. பள்ளிக்கூடம் போனதும் முதல் வேலை அது. மற்றவர்களுடைய மொச்சைக் கொடிகள் ஜன்னல் கம்பியில் ஏறின. ஒருநாள் ஆடு வந்து அவற்றை எட்டிக் கடித்துவிட்டுப் போனது. மாசியும் முடிந்தது. ஏணியில் அவள் எங்கேயோ மேலே போய்விட்டாள்.

பங்குனி பிறந்த பிறகு ஒரு சாயங்காலம், நான் வேலை முடிந்து வரும் வழியிலேயே சின்னவளும் சிநேகிதியும் ஓடிவந்தார்கள்.

"அம்மா, வந்துருச்சு! தலையில தொப்பி போட்டுக்கிட்டு வந்திருக்குது!"

காப்பி அப்படித்தான் வரும். தண்டு நேராக எழும்பி, விதையைக் கழற்றாமல் அப்படியே தலைமேல் தூக்கிக்கொண்டு நிற்கும். நான் எத்தனையோ மேடுகளில் பார்த்ததுதான். ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போகும் முன் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் எலுமிச்சம்பழத்தோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் எழுந்துபோய்த் தவளை அட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"உனக்குத்தான் அந்த அட்டை எப்பவோ முடிஞ்சு போச்சே கண்ணு?" என்றார் டீச்சர்.

"அது மொச்சைக்குங்க டீச்சர். இதுக்கு எழுதவே இல்ல. இத்தன நாள் உள்ளாற இருந்து வந்திருக்குது, பாவம்."

டீச்சர் நகர்ந்து இடம் விட்டார். அவள் தவளைப் படத்தின் கீழ் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரல் வைத்து அளந்து, நோட்டில் எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

உயரம்: ஒரு விரல். இலை: இன்னும் இல்லை. தொப்பி: ஒன்று.

டீச்சர் சிவப்பு மையால் பெரிதாக ஒரு சரி போட்டார். நான் தேங்காய் வாங்கக் கடைக்குப் போனேன்.