பெரிதாகப் போட்ட முகம்

போஸ்டர் ஒன்று அடிக்க வேண்டும் என்றதும் ஓசூர் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "காதுகுத்தா, மஞ்ச நீராட்டா டீச்சர்?" என்பதுதான். பெங்களூரில் நடக்கப்போகும் சர்வதேசக் கல்வி மாநாட்டுக்கு என்று விளக்கினேன். அவர் அசரவில்லை. "மாநாடுன்னா பெருசா போட்டாத்தான் எடுப்பா இருக்கும். நாலு பக்கமும் ரிங் அடிச்சிக் குடுத்துடறேன், கயித்துல கட்டிக்கலாம்" என்றார்.

நான் பென் டிரைவில் கொண்டுபோனது வேறு மாதிரி இருந்தது. நடுவில் பிள்ளைகளின் வருகையைக் காட்டும் ஓர் அட்டவணை, பக்கத்தில் ஆங்கிலத்தில் சில பத்திகள், கீழ் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு புகைப்படம். படத்தில் என் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தையோடு கரும்பலகையில் வகுத்தல் கணக்குப் போடுகிறாள். யாரோ கூப்பிட, திரும்பிச் சிரித்த நேரத்தில் எடுத்தது. கடைக்காரருக்கு அந்தப் படம் மட்டும்தான் கண்ணில் பட்டது. "முகம் பெருசா இல்லாத போர்ட எவன் டீச்சர் நின்னு பாப்பான்?" என்று கேட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் பிறந்தநாளோ, பதவியேற்போ, கண்ணீர் அஞ்சலியோ, எதுவானாலும் முகம்தான் விஷயம். மறுநாள் மாலை வாங்கப் போனபோது பாதி போர்டு முழுக்க அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என் அட்டவணை மூலைக்குப் போய், அச்சகத்தின் பெயர் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்தது. விடிந்தால் மாநாடு. கத்தித் தீர்க்கலாமே தவிர மாற்றி அடிக்க நேரம் இல்லை. கத்திவிட்டு, சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தொடக்கப்பள்ளி. முன்பு தக்காளித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன பெண்களில் பாதிப் பேர் இப்போது கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஒரு வாரம் ஃபஸ்ட் ஷிப்ட், ஒரு வாரம் செகண்ட் ஷிப்ட், ஒரு வாரம் நைட். யாருக்கு என்ன ஷிப்ட் என்று நான் கேட்கவே வேண்டாம். பிள்ளை தலை பின்னாமல் வந்தால் அம்மாவுக்கு ஃபஸ்ட் ஷிப்ட். பின்னலில் பூ இருந்தால் செகண்ட். பிள்ளை பெஞ்சில் தலை சாய்த்தால், வீட்டில் பகலில் தூங்கும் அம்மாவை எழுப்பாமல் சமைத்துச் சாப்பிட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இவள் மட்டும் மூன்று வாரத்தில் ஒரு வாரம் அடியோடு வரமாட்டாள். அப்பா ராயக்கோட்டை மண்டியிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி வண்டி ஓட்டுகிறவர். அம்மாவின் கம்பெனி பஸ் விடியும் முன்னே வந்துவிடும். தங்கைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை, அங்கன்வாடியில் சேர்க்க முடியாது. ஃபஸ்ட் ஷிப்ட் வாரத்தில் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவளை விட்டால் ஆள் இல்லை. இப்படி ஒரு வாரம், ஒரு வாரமாக விட்டுப் பிறகு முழுக்க நின்றுபோன பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு நாள் கோபத்தில்தான் சொன்னேன், "பாப்பாவையும் தூக்கிகினு வா, பாத்துக்கலாம்" என்று.

அடுத்த நாளே வந்துவிட்டாள். மின்விசிறி மாட்டுவதற்காகப் போட்டு, மின்விசிறி வராமலே போன கொக்கியில் என் பழைய சேலை ஒன்றைத் தூளியாகக் கட்டினோம். குழந்தை தூங்கும்போது வகுப்பு முழுக்க வாய்ப்பாட்டைக் குசுகுசுவென்று சொல்லும். விழித்துக்கொண்டால் தெலுங்கில் ஒருவன், கன்னடத்தில் ஒருத்தி என்று ஆளாளுக்குக் கொஞ்சுவார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது ஒன்றும் பெரிய கல்விமுறை இல்லை. ஆனால் அதன் பிறகு அவள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. அவளைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகள் தம்பி தங்கைகளோடு வந்தார்கள். தலைமையாசிரியை பார்த்தும் பார்க்காததுமாக இருந்துகொண்டார். அவர் நல்லவர், பயந்தவர்.

இதை எழுதி அனுப்புங்கள் என்று ஒரு பயிற்சி வகுப்பில் யாரோ சொல்ல, அனுப்பினேன். மாநாட்டில் போஸ்டர் வைக்க அழைப்பு வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே ஆசைதான். பெரிய மனிதர்கள் யாராவது படித்துவிட்டு, ஷிப்ட் வேலைக்குப் போகிற அம்மாக்கள் இருக்கிற பள்ளிகளுக்கு ஓர் ஆயாவைக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா? குழந்தை தூளியில் கிடக்க, இவள் இரண்டு கையும் காலியாகக் கணக்குப் போட வேண்டும். நான் போனது அதற்குத்தான்.

மாநாட்டு மண்டபத்தில் ஆளுயரப் பலகைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு போஸ்டர், குண்டூசியால் குத்த வேண்டும். மற்றவர்களுடையது எல்லாம் வெள்ளைத் தாளில் பொடி எழுத்தும் கோடுமாக அடக்கமாக இருந்தன. நான் விரித்த ஃப்ளெக்ஸ் என் பலகையைத் தாண்டி இரண்டு பக்கமும் அடுத்தவர் எல்லைக்குள் போனது. பக்கத்துப் பலகைக்கார அம்மாள் தன் போஸ்டர் மறைகிறதே என்று சிரித்துக்கொண்டே முறைத்தார். தொண்டர் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், கடைசியில் வாசலில் தேநீர் மேசைக்குப் பின்னால் இரண்டு தூண்களுக்கு நடுவே கயிற்றில் கட்டிவிட்டார்கள். ரிங் அடித்துக் கொடுத்தது உதவியது.

நான் பக்கத்தில் நின்றேன். கண்ணாடி முன் நின்று பழகிய ஆங்கிலம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள், கடைக்காரர் சொன்னது பலித்தது. "ப்யூட்டிஃபுல்" என்றார்கள். முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். மாநாட்டுக்காரர்கள் வைத்த வரவேற்பு பேனர் என்றே நிறையப் பேர் நினைத்துவிட்டார்கள். என்னை வரவேற்பில் நிற்கிறவள் என்று எண்ணி, கழிப்பறை எங்கே, சர்க்கரை போடாத டீ எது என்று கேட்டார்கள். கழிப்பறைக்கு வழி சொல்லிக்கொண்டே, "சார், இதில் ஒரு அட்டவணை இருக்கிறது" என்று ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். என் மாணவியின் முகத்துக்குக் கீழே பிஸ்கட் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

மதியத்துக்கு மேல் ஒருவர் நின்றார். கூடவே இரண்டு பேர் கைப்பையோடு நின்றதில் பெரிய அதிகாரி என்று தெரிந்தது. "நம்ம தமிழ்நாடாம்மா? எந்த ஸ்கூல்?" என்று கேட்டார். அந்தத் தமிழைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. பழகிய ஆங்கிலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஷிப்ட், தூளி, தக்காளி வண்டி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். பள்ளியின் பெயரைச் சொன்னேன், ஒன்றியத்தைச் சொன்னேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழந்தை கையில குழந்தையக் குடுத்துட்டோமேம்மா" என்றார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "இது படிக்க வேண்டிய பொண்ணு."

"அதனாலதாங்க சார் ஸ்கூலுக்கு வருது. பாப்பா இல்லாம வரணும்னா அதால முடியாதுங்க. அந்த அட்டவணையில போட்டிருக்குதுங்க சார், கீழ."

"நான் இன்னிக்கே சொல்றேன். நடவடிக்கை எடுக்கச் சொல்றேன்" என்று என் தோளைத் தட்டினார். ஃப்ளெக்ஸ் முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அத்திப்பள்ளி எல்லை தாண்டும்வரை பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆயாவே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஒரு தொட்டில், பால் காய்ச்ச ஓர் அடுப்பு என்று மனசு பாட்டுக்கு வாங்கி அடுக்கியது. மடியில் சுருட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவரை இடித்துக்கொண்டே வந்தது, அவர் திட்டியதுகூட இனித்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. மேலிருந்து போன் வந்ததாம். வகுப்பறையில் கைக்குழந்தைகள் இனி இருக்கக் கூடாது. மாணவிகள் மீது குழந்தை வளர்க்கும் சுமையைச் சுமத்தக் கூடாது. தூளி கட்டிய கொக்கி கழன்று விழுந்தால் யார் பொறுப்பு என்றும் கேட்டிருக்கிறார்கள். அந்தப் போட்டோ எல்லா வாட்சப் குழுவிலும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப ஆயா?" என்று கேட்டேன்.

"ஆயாவப் பத்தி ஒண்ணும் சொல்லலங்க டீச்சர்."

நான் சும்மா இருக்கவில்லை. அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த உதவியாளர் மிக மரியாதையாகப் பேசினார், சார் அந்தப் பெண்ணை மறக்கவே இல்லை, போகிற கூட்டத்தில் எல்லாம் அவளைப் பற்றித்தான் பேசுகிறார் என்றார். தலைமையாசிரியையிடம் சண்டை போட்டேன். "எனக்கு மட்டும் ஆசையா?" என்று அவர் அழுதுவிட்டார், அழுகிறவரிடம் என்ன சண்டை போடுவது? பெண்ணின் அம்மா சூப்பர்வைசரிடம் ஷிப்ட் மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அதெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். என்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. "நல்லதுக்குத்தான டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றாள். எல்லோரும் அவளுடைய மகளின் நல்லதுக்குத்தான் பேசினார்கள், நானும் சேர்த்து. போகும்போது, "அந்தப் போர்டு சும்மா கெடந்தா குடுங்க டீச்சர். எம் பொண்ணு மொகம் இருக்குது, கிழிச்சிப் போட்டுடாதீங்க" என்று கேட்டு வாங்கிப்போனாள்.

செகண்ட் ஷிப்ட் வாரம் மகள் பூ வைத்துக்கொண்டு வந்தாள். நைட் ஷிப்ட் வாரம் தூங்கி வழிந்துகொண்டு வந்தாள். ஃபஸ்ட் ஷிப்ட் தொடங்கிய அடுத்த திங்கட்கிழமை வரவில்லை. வரமாட்டாள் என்று தெரிந்தும் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் பெயரை இரண்டு முறை கூப்பிட்டேன். வெறும் கொக்கியை யாரோ அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு வகுப்பு வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல ஆரம்பித்தது.

சாயந்திரம் அவள் வீட்டுக்குப் போனேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. மேற்கு வெயில் வாசலில் அடிக்காமல் இருக்க ஃப்ளெக்ஸை மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். கட்டியிருந்த உயரத்துக்கு, என் அட்டவணையும் ஆங்கிலப் பத்தியும் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வந்தன. அந்த நிழலில் அவள் காலை நீட்டிக் குழந்தையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், குழந்தை சிணுங்கியது, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டீச்சர், தெனம் இதப் பாத்துகினேதான் இருக்கறேன். எழுத்துக் கூட்டத் தெரியுது, அர்த்தம் தெரியல" என்றாள். கடைசி வரியில் விரலை வைத்தாள். "இதுல என்னா போட்டிருக்குது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்ல வரவில்லை.

"நீ ஒரு நாள்கூட லீவு போடாம ஸ்கூலுக்கு வர்றதா போட்டிருக்குது" என்றேன்.

அவள் அந்த வரியை இன்னொரு முறை விரலால் தடவிப் பார்த்தாள். குழந்தை தூங்கியிருந்ததால் வகுப்பில் பேசுகிற அதே குசுகுசுப்பில் கேட்டாள்.

"அங்க வந்தவங்க யாராச்சும் இதப் படிச்சாங்களா டீச்சர்?"